பட்டப் போட்டிக்குச் சவால் விடுபவருக்கு எத்தனை நாள் முன்னால் சொல்வார்கள்?

கோவை_முகில்

எல்லாருக்கும் வணக்கம். குத்துச்சண்டை பார்க்க ஆரம்பித்து அதிக காலம் ஆகவில்லை. ஒரு சந்தேகம்.

2025 பிப்ரவரி 22 ரியாத் போட்டிகளை இரவு கண்விழித்துப் பார்த்தேன். ஐபிஎஃப் (உலகப் பட்டம் கொடுக்கிற அமைப்புகளில் ஒன்று) ஹெவிவெயிட் பட்டத்துக்காக ஜோசப் பார்க்கர் சாம்பியன் டேனியல் டுபுவாவோடு மோதுவதாக இருந்தது. இரண்டு நாள் இருக்கும்போது டுபுவாவுக்கு உடம்பு சரியில்லை என்று விலகிவிட்டார். அவர் இடத்துக்கு மார்ட்டின் பகோலே வந்தார். காங்கோவில் இருந்த மனிதரைக் கூப்பிட்டு விமானம் ஏற்றிக் கொண்டுவந்து ரிங்கில் நிறுத்திவிட்டார்கள். எடை 315 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 143 கிலோ. இரண்டாவது ரவுண்டிலேயே ஆட்டம் முடிந்துபோனது.

அன்றிலிருந்து எனக்கும் என் அத்தை மகனுக்கும் ஓயாத வாக்குவாதம். "பெரிய போட்டிக்குக் குறைந்தது இத்தனை வாரம் முன்னால் சொல்லியாக வேண்டும் என்று விதி இருக்கும். இது ஏதோ காசுக்காக நடந்த ஏற்பாடு, பகோலே வந்து படுத்துவிட்டுப் போய்விட்டான்" என்பது அவன் கட்சி. எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் எதிர்த்துப் பேச விவரம் கையில் இல்லை.

அப்படி ஒரு விதி உண்டா? பொதுவாக ஒரு சேலஞ்சருக்கு எத்தனை வாரம் கிடைக்கும்? கடைசி நேரத்தில் வந்து ஜெயித்தவர்கள் இருக்கிறார்களா? பெயர் சொன்னால் தேடிப் பார்ப்பேன்.

சிவா_தாம்பரம்

முகில், கடைசி நேர மாற்றத்தைத் தடுக்கிற மாதிரி விதி எதுவும் கிடையாது. பட்டம் கொடுக்கிற அமைப்பு சம்மதிக்க வேண்டும், போட்டி நடக்கிற ஊரின் கமிஷன் மருத்துவச் சான்றுகளைப் பார்த்து அனுமதி தர வேண்டும். இரண்டும் நடந்தால் நேற்றுச் சொல்லி இன்று சண்டை போடலாம். சேலஞ்சர் வழக்கமாக அந்த அமைப்பின் தரவரிசையில் முதல் 15 பேருக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியமான கட்டுப்பாடு.

எத்தனை வாரம் கிடைக்கும் என்பது எந்த வழியாக வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மாண்டேட்டரி சேலஞ்சர் என்றால் நிறைய நேரம் இருக்கும். சாம்பியன் அவரோடு மோதியே ஆக வேண்டும் என்று அமைப்பு உத்தரவு போடும், இரு தரப்பும் பேசி முடிக்க வழக்கமாக 30 நாள் கொடுக்கும். படியவில்லை என்றால் பர்ஸ் பிட், அதாவது போட்டியை யார் நடத்துவது என்று ஏலம். அதற்கப்புறம்தான் தேதி. ஆக அந்த வீரருக்குப் பல மாதங்கள் முன்பே தெரியும், அடுத்தது நாம்தான் என்று. சாம்பியன் தானே விரும்பி ஆளைத் தேர்ந்தெடுக்கும் போட்டி என்றால் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் சாதாரணமாகக் கிடைக்கும்.

டபிள்யூபிசி என்கிற பட்ட அமைப்பில் எடைக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். போட்டிக்கு 30 நாள் இருக்கும்போது எடைப்பிரிவின் வரம்பைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருக்கக் கூடாது, 7 நாள் இருக்கும்போது 5 சதவீதத்துக்கு மேல் கூடாது. கடைசி வாரத்தில் பட்டினி கிடந்து, தண்ணீர் குடிக்காமல் எடையை இறக்கி உடம்பைக் கெடுத்துக்கொள்வதைத் தடுக்கத்தான்.

நிறைய நேரம் கிடைத்தும் வாய்ப்பு போனவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் சாம் குட்மன், ஜப்பானின் உலக சாம்பியன் நவோயா இனோவேயோடு 2024 டிசம்பர் 24-இல் மோதுவதாக இருந்தது. ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) கண்ணுக்கு மேல் கிழிந்தது. ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள். அதே இடம் திரும்பவும் கிழிந்தது. கடைசியில் 2025 ஜனவரி 24-இல் டோக்கியோவில் இனோவே முன் நின்றவர் கொரியாவின் கிம் யே-ஜூன். இரண்டு வாரத்துக்கும் குறைவான நேரத்தில் அவர் பெயர் அறிவிக்கப்பட்டது. நாலாவது ரவுண்டில் நாக் அவுட்.

ஈஸ்ட்ஹாம்_தேவா

தம்பி முகில், சிவா விதிகளைச் சரியாகச் சொல்லிவிட்டார். நான் ரிங் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கிழக்கு லண்டனில் இருக்கிறேன். பகலில் வேறு வேலை. சாயங்காலம் ஒரு ஜிம்மில் பசங்களுக்குப் பேட் (குத்திப் பழகுகிற திண்டு) பிடிப்பேன், சின்ன அரங்குகளில் போட்டி நடந்தால் அவர்கள் கார்னரில் உதவிக்கு நிற்பேன். இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப முக்கியமான கேள்வி.

எத்தனை நாள் முன்னால் சொன்னார்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது, போன் வந்த நேரத்தில் அந்த ஆள் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதைத்தான். கேம்ப்பில், அதாவது போட்டிக்கான பயிற்சி முகாமில், இருந்தானா, வீட்டில் இருந்தானா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதிப் போட்டி புரிந்துவிடும்.

ஒரு கேம்ப்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதல் சில வாரங்கள் ஓட்டம், உடல்வலு, எடையை மெதுவாக இறக்குவது. அப்புறம் ஸ்பாரிங். அதற்கு எதிராளியைப் போலவே இருக்கிற ஆட்களைத் தேடிப் பிடிப்பார்கள். எதிராளி இடதுகைக்காரர் என்றால் இடதுகைக்காரர்கள், உயரமானவர் என்றால் உயரமானவர்கள். காசு கொடுத்து, தங்க இடம் கொடுத்து, வாரக்கணக்கில் வைத்திருப்பார்கள். கடைசிப் பத்து நாள் ஸ்பாரிங்கை நிறுத்திவிட்டு உடம்பை ஆற விடுவார்கள், எடையை முடிப்பார்கள். இந்த வரிசையில் கேம்ப்பின் கடைசிக் கட்டத்தில் இருக்கிற ஒருவனுக்குப் போன் வந்தால் அவனுக்குக் குறைவது ஒன்றே ஒன்றுதான், எதிராளியைப் பற்றிய பாடம். உடம்பு தயார், நுரையீரல் தயார், எடை தயார். வீட்டில் இருப்பவனுக்கு வந்தால் எல்லாமே குறை.

ஜெயித்தவர்கள் யார் என்று கேட்டீர்களே, முதலில் பார்க்க வேண்டியது மேனி பக்கியாவ், லெலோஹொனோலோ லெட்வாபா, 2001 ஜூன் 23, லாஸ் வேகஸ். லெட்வாபா தென்னாப்பிரிக்கர், ஐபிஎஃப் சூப்பர் பேண்டம்வெயிட் சாம்பியன், மிக நேர்த்தியான ஆட்டக்காரர். அவரோடு மோத வேண்டியவர் என்ரிக்கே சான்செஸ். அவர் விலகினார். அமெரிக்காவில் யாருக்கும் தெரியாத பக்கியாவுக்கு இரண்டு வார நேரத்தில் அந்த இடம் கிடைத்தது. அவர் அதற்கு முன்பே, 1998-இல், ஃபிளைவெயிட்டில் உலக சாம்பியனாக இருந்தவர்தான். ஆனால் அது தாய்லாந்தில் வாங்கிய பட்டம், லாஸ் வேகஸில் அதைக் கவனித்தவர்கள் குறைவு. அப்போதுதான் லாஸ் ஏஞ்சலிஸில் பயிற்சியாளர் ஃபிரெடி ரோச்சின் ஜிம்முக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். அந்தப் போட்டியை ஒலியைக் குறைத்துவிட்டு கால்களை மட்டும் பாருங்கள். முதல் ரவுண்டிலிருந்தே இடது கை நேர்க்குத்து லெட்வாபாவின் மூக்கில் போய் விழுகிறது. லெட்வாபா பின்னால் நகர்கிறார், பக்கியாவ் அதே கோணத்தில் கூடவே போகிறார். இடதுகைக்காரரான பக்கியாவை எதிர்பார்த்துத் தயாரான கால்கள் இல்லை அவை. ஆறாவது ரவுண்டில் நிறுத்திவிட்டார்கள். இரண்டு வாரம் என்பது பக்கியாவுக்கு மட்டுமான இரண்டு வாரம் இல்லை, லெட்வாபாவுக்கும் அதே இரண்டு வாரம்தான். ஆள் மாறும்போது சாம்பியனின் கேம்ப்பும் பாதி வீணாகிறது. இதை வர்ணனையாளர்கள் போதுமான அளவு சொல்வதே இல்லை.

இருபது வருடம் கழித்து அதே பக்கியாவுக்கு இது திரும்பி வந்தது. 2021 ஆகஸ்ட் 21, எரோல் ஸ்பென்ஸோடு போட்டி. ஸ்பென்ஸ் இடதுகைக்காரர், பக்கியாவ் கேம்ப் முழுக்க அதற்காகவே தயாரானார். பதினொரு நாள் இருக்கும்போது ஸ்பென்ஸுக்குக் கண்ணில் விழித்திரை கிழிந்திருப்பது தெரிந்தது. அவர் இடத்துக்கு வந்தவர் கியூபாவின் யோர்டெனிஸ் உகாஸ், வலதுகைக்காரர். உகாஸ் சும்மா இருந்த ஆள் இல்லை. அதே நாள், அதே அரங்கில் ஃபேபியன் மைதானாவோடு மோதுவதற்காக முழு கேம்ப்பும் முடித்திருந்தார். (டபிள்யூபிஏ அமைப்பு, பக்கியாவ் ஆடாமல் இருந்ததால் பட்டத்தை அந்த வருடம் ஜனவரியிலேயே உகாஸுக்குக் கொடுத்துவிட்டது. அதனால் காகிதத்தில் பக்கியாவ்தான் சேலஞ்சர்.) 42 வயது பக்கியாவ் மீது உகாஸின் ஜாப்பும் (முன்னால் நீட்டி நிற்கிற கையால் போடுகிற நேர்க்குத்து), மேலிருந்து வளைந்து வருகிற வலது கையும் திரும்பத் திரும்ப விழுந்தன. மூன்று நடுவர்களும் உகாஸுக்கே கொடுத்தார்கள், 115-113, 116-112, 116-112.

அதே மாதிரிதான் லெனாக்ஸ் லூயிஸ், விட்டாலி கிளிட்ச்கோ, 2003 ஜூன் 21, லாஸ் ஏஞ்சலிஸ். லூயிஸ் மோத வேண்டியது கிர்க் ஜான்சனோடு. அவருக்கு அடிபட்டது. கிளிட்ச்கோ அதே மேடையில் அண்டர்கார்டில், அதாவது முக்கியப் போட்டிக்கு முன் நடக்கிற ஆட்டத்தில், ஆடுவதற்குத் தயாராகிக்கொண்டிருந்தார், சுமார் இரண்டு வாரத்தில் மேலே ஏற்றிவிட்டார்கள். லூயிஸ் அன்று 256 பவுண்டுக்கு மேல், அவருடைய வாழ்நாளிலேயே அதிகமான எடை. சாம்பியன் எந்த எதிராளியை நினைத்துத் தயாரானார் என்பது அந்த எடையிலேயே தெரிகிறது. ஆறு ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் தாளிலும் கிளிட்ச்கோதான் 58-56 என்று முன்னால். ஆனால் இடது கண்ணுக்கு மேல் பயங்கரமான கிழிசல், மருத்துவர் நிறுத்திவிட்டார். லூயிஸ் அதற்குப் பிறகு ரிங்கில் ஏறவே இல்லை.

ஆண்டி ருயிஸ் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2019 ஜூன் 1, மேடிசன் ஸ்கொயர் கார்டன். அந்தனி ஜோஷுவாவின் எதிராளி ஜேரல் மில்லர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார். ருயிஸ் இன்ஸ்டாகிராமில் ஜோஷுவாவின் போட்டிகளை நடத்துகிற எடி ஹெர்னுக்குச் செய்தி அனுப்பி வாய்ப்புக் கேட்டார், மே 1 அன்று அறிவிப்பு வந்தது. ஒரு மாதம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். ஆனால் ஏப்ரல் 20-ஆம் தேதிதான் அவர் அலெக்சாண்டர் டிமிட்ரென்கோவோடு மோதி ஜெயித்திருந்தார். ஒரு கேம்ப்பின் சூடு ஆறுவதற்குள் அடுத்ததில் இறங்கிவிட்டார். மூன்றாவது ரவுண்டில் தான் ஒரு முறை விழுந்து, ஜோஷுவாவை நாலு முறை கீழே தள்ளி, ஏழாவதில் முடித்தார்.

இப்போது இதற்கு நேர் எதிரான ஒன்று. எவாண்டர் ஹோலிஃபீல்ட், பெர்ட் கூப்பர், 1991 நவம்பர் 23, அட்லாண்டா. ஹோலிஃபீல்டுக்கு முதலில் வரவேண்டியவர் மைக் டைசன். விலா எலும்பில் அடி. பதிலுக்கு இத்தாலியின் ஃபிரான்செஸ்கோ டமியானி. கணுக்காலில் அடி. கடைசியில் ஒரு வாரம்கூட முழுசாக இல்லாதபோது கூப்பர். முதல் ரவுண்டிலேயே உடம்பில் வாங்கி விழுந்தார். எல்லாரும் முடிந்தது என்று நினைத்தார்கள். மூன்றாவது ரவுண்டில் அவருடைய வலது கை போய் விழுந்தது பாருங்கள், ஹோலிஃபீல்ட் கயிற்றில் சாய்ந்து தொங்குகிறார், நடுவர் மில்ஸ் லேன் எண்ண ஆரம்பிக்கிறார். அதுவரை தொழில்முறையில் ஹோலிஃபீல்ட் நாக் டவுன் ஆனதே இல்லை. இன்னும் இரண்டு நல்ல குத்து விழுந்திருந்தால் உலக ஹெவிவெயிட் சாம்பியன் பெயர் மாறியிருக்கும். ஆனால் அடுத்த ரவுண்டுகளில் கூப்பரின் வாய் திறந்துகொண்டது, கைகள் இறங்கின. ஏழாவதில் நிறுத்தினார்கள். தைரியம், அடிக்கிற வலு இரண்டும் நாளைப் பார்த்து வராது. மூச்சு மட்டும் வாரக்கணக்கில் சேர்த்துவைக்க வேண்டிய பொருள். ஏழாவது ரவுண்டில் அந்தக் கணக்கு வெளியே வந்துவிடும்.

பகோலேவும் கேம்ப்பில் இல்லாதபோது போன் வந்தவர்தான். ஆறு மாதம் முன்னால் லாஸ் ஏஞ்சலிஸில் ஜேரட் ஆண்டர்சனை அடித்து நொறுக்கியபோது அவர் எடை 284 பவுண்டு சொச்சம். ரியாத்தில் அதைவிட 30 பவுண்டு கூடுதல். ஹெவிவெயிட்டுக்கு மேல்வரம்பு கிடையாது என்பதால்தான் இது நடக்கவே முடிந்தது. வேறு எடைப்பிரிவுகளில் கேம்ப்பில் இல்லாத ஆளை இரண்டு நாளில் கொண்டுவருவது பெரும்பாலும் முடியாது, தராசே அனுமதிக்காது. உங்கள் அத்தை மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். அன்று உண்மையில் அதிகமாக இழந்தவர் பார்க்கர். முழு கேம்ப் முடித்து உலகப் பட்டத்துக்காக வந்தவர், தன் கையில் இருந்த டபிள்யூபிஓ அமைப்பின் இடைக்காலப் பட்டத்தைப் பணயம் வைத்து, யாருமே மோதத் தயங்குகிற ஒரு ஆளோடு இரண்டு நாளில் மோதச் சம்மதித்தார். இரண்டு பேருமே மரியாதைக்குரியவர்கள்.

நளினி_கிள்ளான்

தேவா அண்ணன் சொல்வதில் பெரும்பகுதி சரி. ஒரு இடத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். கேம்ப்பில் இருந்தானா என்பதை மட்டும் பார்த்தால், நீண்ட கால அவகாசம் ஒரு சாதாரண வீரனுக்கு என்ன செய்யும் என்பது விட்டுப்போகும்.

சக் வெப்னரை எடுத்துக்கொள்ளுங்கள். 1975 மார்ச் 24, ஒஹையோவில் முகமது அலியோடு. வெப்னர் மதுபானம் விற்கிற வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர். காலையில் ஓட்டம், பகலில் வேலை, இரவில் ஜிம் என்றுதான் அத்தனை வருடமும் ஓடியது. அந்த ஒரு போட்டிக்காகத்தான் வாழ்க்கையில் முதல் முறையாக வேலையை ஒதுக்கிவிட்டு முழு நேரமும் பயிற்சி எடுத்தார். விளைவைப் பாருங்கள். ஒன்பதாவது ரவுண்டில் அலி கீழே விழுந்தார். (காலை மிதித்துவிட்டார் என்று அலி சொன்னார், அந்த வாதம் இன்றும் ஓயவில்லை.) பதினைந்தாவது ரவுண்டில், மணி அடிக்க 19 நொடி இருக்கும்போதுதான் வெப்னரை நிறுத்த முடிந்தது. 36 வயதுக்காரர் அலி முன்னால் கிட்டத்தட்ட பதினைந்து ரவுண்டு நின்றார். அந்த வாரங்கள் இல்லாமல் இது நடந்திருக்காது.

இன்னொரு பக்கம் ஜேம்ஸ் பிராடக். 1934 ஜூன் 14, கார்ன் கிரிஃபினோடு மோத இரண்டு நாள் முன்னால்தான் கூப்பிட்டார்கள். துறைமுகத்தில் மூட்டை இறக்கி, அரசு உதவிப்பணம் வாங்கிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்த காலம். அது பட்டப் போட்டி இல்லை, கிரிஃபினின் பெயரை மேலே கொண்டுவருவதற்காக வைத்த போட்டி. இரண்டாவது ரவுண்டில் பிராடக் விழுந்தார், மூன்றாவதில் கிரிஃபினை முடித்தார். ஒரு வருடத்தில், 1935 ஜூன் 13-இல், மாக்ஸ் பேயரைத் தோற்கடித்து உலக சாம்பியன். அந்த ஒரு வருடத்தில் ஜான் ஹென்றி லூயிஸையும் ஆர்ட் லாஸ்கியையும் ஒவ்வொருவராகத் தாண்டி வந்தார். இரண்டு நாளில் கிடைத்தது கதவு திறந்த வாய்ப்புதான், பட்டத்துக்கு அவருக்கு முறையான நேரம் இருந்தது.

கோவை_முகில்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. லெட்வாபா போட்டியும் கூப்பர் போட்டியும் பார்த்துவிட்டேன். கூப்பரின் மூன்றாவது ரவுண்டை அத்தை மகனுக்கும் போட்டுக் காட்டினேன், பேச்சே இல்லை.

தேவா அண்ணா, இரண்டு கேள்வி. இவ்வளவு பாதகம் என்று தெரிந்தும் ஏன் ஒத்துக்கொள்கிறார்கள்? வேண்டாம், அடுத்த முறை பார்க்கலாம் என்று சொன்னால் என்ன ஆகும்? அப்புறம் ருயிஸுக்கு மறுபோட்டிக்கு ஆறு மாதம் கிடைத்ததே, அப்போது இன்னும் நன்றாக அல்லவா ஆடியிருக்க வேண்டும்?

ஈஸ்ட்ஹாம்_தேவா

நளினி, வெப்னர் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். வேலை பார்த்துக்கொண்டே ஆடுகிறவனுக்கு ஒரு முழு கேம்ப் என்பதே பெரிய வரம். அதை நான் தினமும் பார்க்கிறேன்.

முகில், ஏன் ஒத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு எங்கள் ஜிம் பையன் ஒருவனைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். லைட்வெயிட், அதாவது 135 பவுண்டு, 61 கிலோ சொச்சம். பகலில் வேனில் பார்சல் கொடுக்கிற வேலை. உலகப் பட்டமெல்லாம் இல்லை, வட்டார அளவிலான ஒரு பட்டம், பத்து ரவுண்டு. திங்கள்கிழமை மதியம் போட்டி நடத்துகிறவர் தரப்பிலிருந்து போன். சனிக்கிழமை போட்டி, எதிராளிக்கு ஆள் விலகிவிட்டது, வருகிறாயா? பையன் அப்போது வரம்புக்கு மேல் நாலு கிலோ. "ஒரு மணி நேரத்தில் பதில் சொல்" என்றார்கள். வேனை ஓரமாக நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தான். பயிற்சியாளர் வேண்டாம் என்றார், நானும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவன் கேட்டது ஒரே கேள்வி, "இல்லைன்னு சொன்னா இன்னொரு தடவை கூப்பிடுவாங்களா அண்ணா?" என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.

சரி என்று இறங்கியவுடன் முதல் வேலை என்ன தெரியுமா? பேட் பிடிப்பது இல்லை, காகிதத்தைத் தேடுவது. பிரிட்டனில் வருடாந்திர மூளை ஸ்கேன், எச்ஐவி, ஹெபடைடிஸ் ரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை எல்லாம் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். ஒன்று முடிந்துபோயிருந்தாலும் ரிங்கில் ஏற முடியாது. கடைசி நேரத்தில் கூப்பிடப்படுகிற ஆட்கள் எப்போதும் அதே சில பேராக இருப்பதற்கு இதுவும் காரணம். எல்லாச் சான்றையும் கையில் தயாராக வைத்திருப்பவனைத்தான் கூப்பிட முடியும். அவனுடையது எல்லாம் சரியாக இருந்தது.

அப்புறம் எடை. புதன்கிழமையிலிருந்து உப்பே இல்லாத சாப்பாடு. வியாழன் இரவு வெந்நீர்த் தொட்டியில் எப்சம் உப்பைப் போட்டு உட்கார வைத்தோம், வெளியே வந்ததும் போர்வைகளைச் சுற்றிப் படுக்க வைத்து வேர்வையைத் துண்டால் வழித்தெடுத்தோம். உதடு வெடித்து வெள்ளையாகப் பூத்துவிட்டது. எச்சில் துப்பச் சொன்னால் எச்சில் வரவில்லை. வெள்ளிக்கிழமை தராசில் ஏறியபோது கால் லேசாக நடுங்கியது, எடை சரியாக இருந்தது. எதிராளியோ அதே தேதிக்காக இரண்டு மாதமாகத் தயாராகிக்கொண்டிருந்தவன், ஆப்பிளைக் கடித்துக்கொண்டே தராசில் ஏறினான். சனிக்கிழமை எங்கள் பையன் முதல் நாலு ரவுண்டு அழகாக ஆடினான். ஆறாவதுக்குப் பிறகு ஸ்டூலில் வந்து உட்காரும்போது என்னைப் பார்க்கிறான், ஆனால் நான் பேசுவது உள்ளே போகவில்லை என்று கண்ணிலேயே தெரிந்தது. பத்து ரவுண்டும் நின்று புள்ளிகளில் தோற்றான். அதைப் பற்றி எழுதியவர் "சேலஞ்சருக்குப் பின்பாதியில் உழைப்பு போதவில்லை" என்று எழுதியிருந்தார். ஐந்து நாள் என்ற விவரம் ஒரு வரியில்கூட இல்லை. எனக்கு இன்றும் கோபம் தருவது அதுதான். தோற்றவன் பதிவேட்டில் ஒரு தோல்வி ஏறுகிறது. எத்தனை நாள் முன்னால் கூப்பிட்டார்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஒரு வீரனின் பதிவேட்டைப் பார்த்து இவன் இவ்வளவுதான் என்று முடிவு கட்டுவதற்கு முன் அந்தத் தோல்விகளில் எத்தனை இப்படி வந்தவை என்று தேடிப் பாருங்கள்.

ஒத்துக்கொள்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நேரான வழியில் வரிசையில் நின்றால் சிலருக்கு முறை வரவே வராது. சாம்பியன் தரப்பு தனக்கு வசதியான ஆளைத்தான் தேர்ந்தெடுக்கும். ஆபத்தான ஆள், டிக்கெட் விற்காத ஆள் என்றால் சுற்றி வளைத்துக்கொண்டு போய்விடுவார்கள். யாராவது விலகி, அரங்கு பேசியாயிற்று, தொலைக்காட்சி நேரம் பேசியாயிற்று, போட்டியை ரத்து செய்ய முடியாது என்ற நெருக்கடி வந்தால்தான் அந்த ஆபத்தான ஆளின் எண் ஞாபகத்துக்கு வரும். பேரத்தில் அவன் கை ஓங்கி நிற்கிற நேரமும் அது ஒன்றுதான். 2001-இல் முறைப்படி தேர்ந்தெடுத்திருந்தால் லெட்வாபாவுக்கு எதிராகப் பக்கியாவின் பெயர் வந்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

இப்போது ருயிஸ். மறுபோட்டி 2019 டிசம்பர் 7, சவூதியின் திரியாவில். ஆறு மாதம். முதல் போட்டியில் 268 பவுண்டு, இரண்டாவதில் 283 பவுண்டுக்கு மேல். ஜோஷுவா அதற்கு எதிர்த்திசையில் போனார், 247-இலிருந்து 237-க்கு இறங்கி வந்தார். பன்னிரண்டு ரவுண்டும் தள்ளி நின்று, ஜாப் போட்டு, நகர்ந்து, நெருங்கவே விடாமல் ஆடிப் பட்டத்தைத் திரும்ப வாங்கினார். பட்டம் கிடைத்த பிறகு கொண்டாட்டத்திலேயே காலம் போய்விட்டது, பயிற்சிக்குத் தாமதமாகத்தான் வந்தேன் என்று ருயிஸே பேட்டியில் சொன்னார். ஆறு மாதம் கையில் இருந்தும் அதில் கேம்ப் எத்தனை வாரம் என்பதுதான் கேள்வி, நான் முதல் பதிவில் கேட்ட அதே கேள்வி. அந்த ஆறு மாதத்தை வாரவாரமாகப் பயன்படுத்தியவர் ஜோஷுவா.

ருயிஸைப் பற்றி இன்னொரு தகவல், உங்களுக்குப் பிடிக்கும். 2016 டிசம்பரில் காலியாக இருந்த டபிள்யூபிஓ பட்டத்துக்காக ஆக்லாந்தில் அவர் மோதியது நீங்கள் ரியாத்தில் பார்த்த அதே ஜோசப் பார்க்கரோடுதான். அது இரண்டு தரப்புக்கும் முறையான அவகாசம் கிடைத்த போட்டி, மயிரிழையில் பார்க்கருக்குப் போனது. அதையும் முழுசாகப் பாருங்கள். ருயிஸின் கைவேகம் அப்போதே தெரிகிறது, இரண்டரை வருடம் கழித்து ஜோஷுவா ஏன் தடுமாறினார் என்பதும் புரியும்.